சாம்பிராணி போட்ட வீடு

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென் ஈடனில் இருந்த அந்த வீட்டுக்குள் முதல் தடவை நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதுதான் ஆகப் பெரிய ஆத்திரம். வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. குசினி யன்னல் விளிம்பில் ஒரு சின்னப் பிள்ளையார் படம், அதற்கு முன்னால் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள். நான் கைகூப்பினேன். என் புருஷனும் கைகூப்பினார். எங்களைக் கூட்டிக்கொண்டு போன மனுஷன் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ஆக்கள் இருந்த வீடு, தங்கச்சி. மணத்திலயே தெரியுது தானே" என்றார்.

தெரிந்தது. அங்கேதான் நாங்கள் கெட்டோம். வெள்ளைக்காரன் வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டுவான், தரைக்குக் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்ப்பான். நாங்கள் வாசல் எந்தத் திசை என்று பார்த்தோம். கிழக்கு. குசினி எந்த மூலை என்று பார்த்தோம். தென்கிழக்கு. அதற்கு மேல் சாம்பிராணி வேறு. சாம்பிராணி போட்ட வீட்டில் கெட்ட வேலை நடந்திருக்கும் என்று எந்தத் தமிழச்சி நினைப்பாள்?

தொண்ணூறுகளின் கடைசி அது. இப்போதென்றால் சுவரைத் துடைத்து எடுத்துச் சோதித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது அப்படி ஒன்று இருப்பதாக எங்களுக்குத் தெரியாது.

அந்த மனுஷனை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். எங்களுக்கு முன்பே ஆக்லாந்துக்கு வந்தவர். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். புதிதாக வருகிற குடும்பங்களை விமான நிலையத்தில் போய் ஏற்றுவார், ஏவன்டேலில் மலிவாக வீடு பிடித்துக் கொடுப்பார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார். எங்களுக்கும் செய்தார். நன்றி என்பது அவர் வட்டிக்கு விடுகிற சாமான். அது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

பழைய வீடுகளை மலிவாக வாங்கி, திருத்தி, எங்கள் ஆட்களுக்கே விற்பது அவருடைய பக்கத் தொழில். கிளென் ஈடன் வீட்டுக்கு எங்களைப் பங்காளிகளாகச் சேர்த்தார். எங்கள் சேமிப்பும் உழைப்பும் ஒரு பக்கம், வங்கி அலுவலும் ஆள் பிடிப்பதும் அவர் பக்கம், விற்று வருவது பாதிக்குப் பாதி. என் புருஷன் தச்சு வேலை, பெயின்ற் வேலை எல்லாம் தெரிந்தவர். நான் ஒரு பேக்கரியில் பாண் அடுக்குகிற வேலையில் இருந்தேன். வேலை முடிந்ததும் நேரே அங்கே போவோம், சனி ஞாயிறும் அங்கேதான்.

குசினிச் சுவரெல்லாம் மஞ்சளும் மண்ணிறமுமாகக் கறை. கூரைப் பலகையிலும் அதுதான். குளியல் தொட்டியில் சிவப்பாக ஒழுகிக் காய்ந்த கோடுகள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் ஆட்கள் இருந்த குசினி, தாளித்துப் பொரித்து மஞ்சள் ஏறியிருக்கும், தொட்டிக்குள் குங்குமம் கழுவியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு தமிழ்ப் பெண்ணின் கறை என்று நினைத்துப் பாசத்தோடு தேய்த்தேன்.

அண்ணை ஒரு வாளியும் ஒரு தேய்க்கிற பிரஷ்ஷும் கொண்டுவந்து வாசலில் நின்று தந்தார்.

"கையுறை ஏதும் வாங்கேல்லையோ அண்ணை?"

"எதுக்குத் தங்கச்சி? சவர்க்காரத் தண்ணி தானே."

அதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் புல்லில் போய் நின்றார். அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. முழங்கால் ஏலாது, படி ஏற முடியாது என்பார். வாசற்படி இரண்டே இரண்டு. மண்டபத்தில் மேடைக்கு ஏறும்போது அந்த முழங்காலுக்கு ஒன்றும் இருந்ததில்லை.

மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த எவளுக்கும் அது தெரியும். இந்தக் கறை சிவக்கவில்லை. நான் அதைக் கண்டேன். இந்த நாட்டுக் கடையில் விற்கிற மஞ்சள் வேறு மாதிரியாக்கும் என்று மேலும் அழுத்தித் தேய்த்தேன். புருஷன் வீட்டுக்குக் கீழே புகுந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே முழுக்கத் தடிமன் குளிசையின் வெறும் தகடுகள்.

"என்னப்பா இது, இருந்த சனத்துக்கு வருசம் முழுக்கத் தடிமனோ?" என்று கேட்டேன்.

"இந்தக் குளிருக்கு வராமல் என்ன செய்யும்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்க வருகிறது.

சாம்பிராணி மணம் போகப் போக வேறொரு மணம் எழும்பியது. பூனை மூத்திரமும் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரும் சேர்ந்தது மாதிரி. சுடுதண்ணீர் பட்டால் கூடியது. முதலில் என் விரல்களில் தோல் உரிந்தது. பிறகு இருமல். பிறகு ஏவன்டேல் ஸ்டேஷனில் ரயிலுக்குப் படி ஏறும்போது மூச்சு நின்றுபோகப் பார்த்தது. பேக்கரியில் மாத்தூசி பறக்கிற இடத்தில் என்னால் நிற்கவே முடியவில்லை. வேலை போனது. டொக்டர் மூச்சுக்கு இழுக்கிற நீலப் பஃபரைக் கையில் தந்து, இது ஆஸ்துமா, புதிதாக ஏதாவது மருந்துத்தூள், இரசாயனம் பக்கத்தில் வேலை செய்கிறாயா என்று கேட்டார். இல்லை, வீடு கழுவுகிறேன் என்றேன்.

இதை அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சொன்னேன். ஒளித்துச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு கெட்ட மணம் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் எனக்கு முட்டு வந்தது என்று சொன்னேன். மூச்சிழுப்பை நாங்கள் முட்டு என்போம். அண்ணை பஞ்சாமிர்தம் வழித்துக்கொண்டு நின்றவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"உது ஊரிலயே இருந்த முட்டு தானே, தங்கச்சி. வீடு என்ன செய்யும்? பாவம், தாய் தேப்பன் வருத்தத்தை மறைச்சுக் கட்டிக் குடுத்திட்டினம். அதுக்கு இவர் என்ன செய்யிறது?"

என் புருஷனின் தோளில் கைவைத்து, இரக்கப்படுகிற முகத்தோடு அதைச் சொன்னார்.

எங்கள் சனத்துக்குள் இந்தச் சொல் என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குடும்பத்தில் வருத்தம் இருக்கிறது என்றால் அது ஒருத்தியோடு நிற்காது. கொழும்பில் ஒரு அறையில் என் தங்கச்சி அம்மாவோடு இருந்தாள். அவளுக்கு டொரொன்டோவில் ஒரு சம்பந்தம் பேசி, சாதகம் பொருந்தி, நாள் வைக்கிற கட்டத்தில் நின்றது. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த ஒரு அக்கா. மாப்பிள்ளையின் பெரியம்மா முறை. அவர் அன்றைக்கு அந்த மண்டபத்தில், அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். நிற்காமல் என்ன? அண்ணையின் மகளுக்கும் அந்த அக்காவின் மகனுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருந்ததே.

அதற்குப் பிறகு டொரொன்டோவில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"பரம்பரை வருத்தம் எண்டா அவையளும் யோசிப்பினம் தானே, பிள்ளை" என்றார்.

"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை, அக்கா."

"நீர் சொல்லுவீர். அண்ணை பொய் சொல்லுற ஆளோ?"

அம்மா கொழும்பில் இருந்து அழுதா. தங்கச்சி அழவில்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. நான் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த அக்காவிட்ட நீங்கள் சொன்னது பிழை எண்டு சொல்லுங்கோ. உங்கட வாயால. அது போதும்."

அவர் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. "தங்கச்சி, உமக்கு மூச்சு ஏலாது. கனக்கக் கதைக்காதையும்" என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். இந்த வாய் வைத்த கறையை இந்த வாயாலேயே கழுவ வைப்பேன். வேறு யார் வந்து சொன்னாலும் எனக்குக் காணாது.

எப்படி என்று மட்டும் அப்போது தெரியாது. அதைக் காட்டியது பசை.

என் புருஷன் தனியாக வேலையைத் தொடர்ந்தார். எங்கள் காசு உள்ளே கிடந்தது, வேறு வழியில்லை. கறை எத்தனை தரம் பெயின்ற் பூசினாலும் மேலே வந்துகொண்டேயிருந்தது. சரி, சுவருக்குக் காகிதம் ஒட்டிப் பூசுவோம் என்றார். கடைப் பசை எதற்கு? பேக்கரியில் கிழிந்த கோதுமை மா மூட்டைகளைக் கொண்டுபோக விடுவார்கள், வீட்டில் கிடந்தது. ஊரில் பட்டம் ஒட்டுகிற மாதிரி மாவைக் காய்ச்சிக் கொண்டுபோய் ஒட்டினார். மற்ற நாள் பின்னேரம் வந்து சொன்னார்: "இஞ்சேர், சுவர் நீலமாப் போச்சுது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். காகிதத்துக்குள்ளால் நாவற்பழம் நசித்த மாதிரிக் கருநீலம். கறை இருந்த இடத்தில் மட்டும். எனக்குப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறை ஞாபகம் வந்தது. சோற்றுக் கஞ்சியில் அயடீன் ஒரு துளி விட்டால் கருநீலம். மாப்பொருள் இருக்கிறது என்பதற்குச் சோதனை. எங்கள் பசை மா. அப்படியென்றால் சுவர் முழுக்க அயடீன். ஒரு வீட்டுச் சுவரில் கூரைவரைக்கும் அயடீன் ஏன் இருக்க வேண்டும்?

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சமோவாக்காரி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை ஹலோ மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் போய், இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உனக்குத் தெரியாதா? மூன்று பெடியன்கள். இரவு பகலாகக் குசினியில் ஏதோ காய்ச்சுவார்கள், யன்னல் எல்லாம் மூடி. போதை மருந்து. தடிமன் குளிசையையும் அயடீனையும் போட்டுக் காய்ச்சுகிறதாம். பொலிஸ் முகமூடி போட்டுக்கொண்டு வந்து போத்தல் போத்தலாக அள்ளிக்கொண்டு போனது. என் பிள்ளைகளை நான் ஒரு கிழமை வெளியே விளையாட விடவில்லை."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை."

"உன் சிநேகிதனுக்குத் தெரியுமே! அந்தக் கோட்டுப் போட்டவர். வாங்குவதற்கு முதலே வந்து கேட்டார், நான் எல்லாம் சொன்னேன். பிறகு ஒருநாள் வந்து உள்ளே சட்டியில் புகை போட்டார். மூக்கில் லேஞ்சித் துணி கட்டிக்கொண்டு. வீடு எரிகிறது என்று நான் தீயணைப்புக்குப் போன் எடுக்கப் பார்த்தேன்."

லேஞ்சி கட்டிக்கொண்டு. தன் மூக்குக்கு லேஞ்சி கட்டத் தெரிந்த மனுஷன் என் கைக்கு ஒரு கையுறை தரவில்லை. பிள்ளையார் படத்தையும் அவர்தான் வைத்திருக்கிறார். கடவுளைக் கொண்டுவந்து காவலுக்கு வைத்துத்தான் எங்களை ஏமாற்றியிருக்கிறார்.

புருஷன் இதைக் கேட்டு நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு, "லோயரிட்டப் போவம்" என்றார்.

"போனா? தனக்குத் தெரியாதெண்டு சொல்லுவார். சனம் அவரைத்தான் நம்பும்."

"அப்ப முடிச்சு வித்துப்போட்டு ஒதுங்குவம்."

"ஆருக்கு? அவர் ஆளும் பிடிச்சு வைச்சிருக்கிறார், தெரியுமோ? போன மாசம் வந்த குடும்பம். தவழுற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு முட்டு வந்தா அதின்ர தாய் தேப்பனும் மறைச்சதெண்டு மண்டபத்தில சொல்லுவாரோ?"

நான் யோசித்தேன். அண்ணைக்குத் தன் மூக்கு முக்கியம். தன் மூக்கைவிட முக்கியமான ஒன்று அவரிடம் இருந்தது. மகள். அந்த வீட்டுக்குள் அவளை நிறுத்த வேண்டும். அப்போது வாய் திறக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்குப் போனேன். மவுண்ட் ஆல்பர்ட் அக்கா ஒவ்வொரு கிழமையும் வருவார், எனக்குத் தெரியும். வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரச் சீனக் கிழவி அவரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி அக்கா? உங்கட மருமோளின்ர வீடு நல்லா வருது" என்றேன்.

முறிக்கப்போன வெண்டிக்காய் கையிலேயே நின்றது. "எந்த வீடு?"

"ஐயோ, அண்ணை சொல்லேல்லையோ? அப்ப நானும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. என்னை விடுங்கோ."

"நில்லும், நில்லும். எந்த வீடு, பிள்ளை?"

"கிளென் ஈடன் வீடு தான். கிழக்கு வாசல். மகளுக்குச் சீதனமெண்டு தானே இவ்வளவு பாடுபட்டுத் திருத்திறார். என்ர வாய் ஏன் கிடந்து... நீங்கள் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதையுங்கோ."

காட்டிக்கொள்ளாமல் இருப்பாரா? வெண்டிக்காய் வாங்காமலே போய்விட்டார். சீதனமாக ஒரு வீடு வேண்டுமென்று அவர்கள் மாதக் கணக்காகச் சாடையாகக் கேட்டுக்கொண்டிருந்ததும், அண்ணை நியூசிலாந்தில் அதெல்லாம் ஏது என்று நழுவிக்கொண்டிருந்ததும் ஊருக்கே தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அக்கா எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக நன்றி சொன்னார். சனம் கைதட்டியது. பெருமை பிடித்த மனுஷன், கைதட்டுக்கு முன்னால் இல்லையென்று சொல்லத் தெரியாது. சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான் தூணோடு சாய்ந்து நின்று அந்தத் தலையாட்டலைப் பார்த்தேன்.

மற்ற நாளே எங்கள் பிளாட்டுக்கு வந்தார். "ஆர் உமக்கு உதைச் சொல்லச் சொன்னது?"

"அப்பிடித்தானே அண்ணை நினைச்சன். பிழையெண்டா இல்லையெண்டு சொல்லிவிடுங்கோவன். ஏன் எண்டு அவையள் கேட்டா மட்டும் ஒரு மறுமொழி வேணும்."

என்னை நெடுநேரம் பார்த்தார். எனக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

"நல்ல வீடு தானே, அண்ணை? எங்கட ஆக்கள் இருந்த வீடு."

அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. எங்கள் பங்கைத் திருப்பித் தந்து வீட்டைத் தன் பெயருக்கு மாற்றினார். அந்தச் சின்னக் குடும்பம் தப்பியது. என் புருஷனையே கூலிக்கு வைத்து மிச்ச வேலையை முடிப்பித்தார். கறைமேல் தடித்த பூச்சு, அதன்மேல் வெள்ளை. ஒரு கிழமை போனது, இன்னொரு கிழமை போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்வார், தன் பிள்ளையாச்சே, இப்போது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கலியாணமும் நடந்து முடிந்தது. பூசி மறைத்தால் இல்லாமல் போய்விடும் என்று தன் பிள்ளை விஷயத்திலும் நம்பிவிட்டார். அதைக் கண்டபோது அவர்மேல் எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச இரக்கமும் போனது.

குடிபூரலுக்கு நாள் வைத்தார்கள். புதுவீட்டில் பால் பொங்கி, அன்றைக்கு அந்தத் தம்பதி அங்கேயே படுக்க வேண்டும். அது முறை. தரையெல்லாம் சீவி வார்னிஷ் பூசினார் என் புருஷன். அடுப்புக்கு முன்னால் இருந்த இடத்தை மட்டும் நான் பூச விடவில்லை. செங்கல் வைத்துப் பால் காய்ச்சினால் சூட்டுக்கு வார்னிஷ் கொப்பளிக்கும், பிறகு பூசலாம் என்று அண்ணைக்குச் சொல்லச் சொன்னேன். வாசலுக்கு வெளியே நின்று சரி என்றார். அந்தப் பலகையில்தான் அவன்கள் ஊற்றிய கறை ஆக ஆழமாக ஊறியிருந்தது. ஒரு மூலையில் அரிசிமாக் கரைசலைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியது வந்தது. துடைத்துவிட்டேன்.

பிறகு மவுண்ட் ஆல்பர்ட் அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, கோலம் நான் போடுறன். என்னில கோபமில்லையெண்டா உங்கட கையால அரிசி மா தாங்கோ. மாமியார் வீட்டு மா தானே நல்லது." அவருக்குப் புளகம். வீடு வந்த சந்தோஷத்தில் என் முட்டு வருத்தத்தையும் மன்னித்துவிட்டார்.

அன்றைக்குக் காலமை வெயில் நல்ல வெயில். குசினி நிறையச் சனம். அக்கா தந்த மாவை எல்லோருக்கும் முன்னால் கரைத்து, அந்தப் பலகையில் கோலம் போட்டேன். நடுவில் தகரம் வைத்து, மேலே செங்கல், கேஸ் அடுப்பு, பானை. மகள் பட்டுச்சேலையில் நின்றாள். பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்புப் படிக்கிற பிள்ளை, இங்கேயே வளர்ந்தவள். அண்ணை அன்றைக்கு உள்ளே வந்தார். வராமல் முடியுமா?

பால் பொங்கி வழிந்தது. சனம் சந்தோஷத்தில் சத்தம் போட்டது. அந்தச் சத்தம் அடங்க முதல் அக்கா குனிந்து பார்த்தார்.

"என்ன இது? கோலம் கறுக்குது."

வெள்ளைக் கோடுகள் முதலில் சாம்பலாகி, பிறகு ஓரத்தில் இருந்து நீலமாகி, ஒவ்வொரு இதழாகக் கறுத்துக்கொண்டு வந்தன. ஒரு கிழவி சிவ சிவ என்றாள்.

"பழைய மாவோ, பிள்ளை?"

"உங்கட மா தானே, அக்கா" என்றேன்.

அக்கா ஒரு அடி பின்னுக்குப் போனார். மகள் சேலையைச் சொருகிக்கொண்டு குந்தினாள். விரலால் தொட்டாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் தகப்பனோடு எப்போதும் ஆங்கிலம்தான். "அப்பா, இது அயடீன். பலகைக்குள் எப்படி அயடீன் வந்தது?"

"பழைய வீடு. காயத்துக்குப் போடுற மருந்து சிந்தியிருக்கும்" என்றார் அண்ணை. குரல் அவருடையது மாதிரி இல்லை.

"இவ்வளவா?" அவள் எழும்பிப் போய்ச் சுவர் மூலையை நகத்தால் சுரண்டினாள். வெள்ளைக்குக் கீழே மண்ணிறம். "இந்த வீட்டில் என்ன செய்தார்கள்?"

நான் பேசினேன். "அதெல்லாம் ஒண்டுமில்லை, பிள்ளை. அபசகுனமெண்டு நினைக்காதையும். நீங்கள் இரண்டு பேரும் இண்டைக்கு இஞ்சதான் படுக்கோணும், நாளைக்கு இந்தக் குசினியிலதான் சமைக்கோணும். அண்ணை, பாய் விரிக்கட்டோ?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் அவ்வளவு காலம் மூச்சு இழுத்துக்கொண்டு இருந்தேன்.

மகள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அந்த ஒரு தடவை தமிழில் கேட்டாள். "அப்பா, நான் இங்க படுக்கலாமா? ஓமா, இல்லையா?"

அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளையை ஒரு இரவும் அங்கே விட்டிருக்க மாட்டேன். ஆனால் என் வாய்க்கு அங்கே மதிப்பில்லை. அவர் வாய்தான் வேண்டும். காத்து நின்றேன்.

"வேண்டாம், பிள்ளை" என்றார்.

"ஏன்?"

"மருந்து காய்ச்சின வீடு."

"என்ன மருந்து?" இது அக்கா.

"போதை மருந்து. பொலிஸ் பிடிச்ச வீடு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?" இது மகள்.

அவர் பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாங்க முதலே."

நான் கைப்பையில் இருந்து பஃபரை எடுத்து, எல்லோரும் பார்க்க ஒரு தரம் இழுத்தேன். பிறகு கேட்டேன். "அண்ணை, எனக்கு ஊரிலயே முட்டு இருந்ததோ?"

"இல்லை."

"பெலத்துச் சொல்லுங்கோ. அக்காவுக்குக் கேக்கேல்லை."

"இருக்கேல்லை. நான்தான் சும்மா சொன்னனான்."

அக்கா முகம் சிவந்து நின்றார். "அப்ப வருத்தத்தை மறைச்சுக் குடுத்தது ஆர் எண்டு இப்பதானே தெரியுது" என்றார், அண்ணையைப் பார்த்து. நான் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார்.

பாலை ஒருத்தரும் குடிக்கவில்லை. பொங்கின பாலை ஊற்றக்கூடாது என்பார்கள். நான் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லில் ஊற்றினேன்.

அன்றைக்கே அக்கா டொரொன்டோவுக்குப் போன் எடுத்தார். அவர்கள் திரும்பவும் சம்மதம் என்றார்கள். என் தங்கச்சி கொழும்பில் இருந்து சொன்னாள்: "ஒரு சொல்லுக்கு ஓடினவை எனக்கு வேண்டாம். நீயே சொல்லிவிடு, அக்கா." அதை மவுண்ட் ஆல்பர்ட்டுக்குப் போய் நேரில் சொன்னேன். போனில் சொன்னால் முகம் பார்க்க முடியாதே. தங்கச்சி பிறகு தன் பாட்டில் ஒருவரைப் பார்த்துக் கட்டினாள். நன்றாக இருக்கிறாள்.

கலியாணம் முறியவில்லை. மகள் கெட்டிக்காரி. மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டு தகப்பனுக்கு ஒன்று சொன்னாள்: அந்த வீட்டை இனி எந்தக் குடும்பத்துக்கும் மறைத்து விற்கக்கூடாது, உள்சுவர் எல்லாவற்றையும் உரித்து, நடந்ததைச் சொல்லித்தான் விற்க வேண்டும், அதுவரை தான் அவரோடு கதைக்க மாட்டேன் என்று. கூலிக்கு ஆள் கேட்டார். எங்கள் ஆட்கள் ஒருத்தரும் போகவில்லை. காரணம் கேட்டால் எல்லோருக்கும் முழங்கால் ஏலாதாம்.

கடைசியில் அவரே உரித்தார். பிறகு ஒரு கட்டடக்காரன் உண்மை தெரிந்தே எலும்புக்கூட்டு விலைக்கு வாங்கினான் என்று கேள்வி. அது எனக்கு முக்கியமில்லை. அவர் உரிக்கத் தொடங்கிய அன்றைக்கு நான் போனேன். எங்கள் பிளாட்டில் கிடந்த அவருடைய வாளியையும் பிரஷ்ஷையும் கொண்டுபோனேன். சமோவாக்காரி வேலிக்கு மேலால் கையசைத்தாள்.

அவர் குசினிக்குள் முழங்காலில் நின்றார். கோட்டு இல்லை. முகமெல்லாம் சுவர்த்தூள். வாளியை வாசற்படியில் வைத்தேன். நான் உள்ளே போகவில்லை.

அவர் தன் கைகளைப் பார்த்தார். "கையுறை ஏதும் இருக்கோ, தங்கச்சி?"

"எதுக்கு அண்ணை? சவர்க்காரத் தண்ணி தானே."

அவர் குனிந்து தேய்க்கத் தொடங்கினார். கொஞ்சத்தில் இருமினார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் புல்லில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.